கனி இருக்கிற பக்கம்

முள்ளிக்கரையில் தண்ணீர் சாயத் தொடங்கியது சண்முகக்கனியின் முகத்தை அளந்த அன்றைக்குச் சாயங்காலம். அதுவரை எங்கள் ஊர்த் தண்ணீர் மற்ற ஊர்த் தண்ணீரைப் போலக் குடத்திலும் குண்டானிலும் உப்பளப் பாத்தியிலும் மட்டமாகத்தான் நின்றது, அதற்காக யாரும் பெருமைப்பட்டதுமில்லை.

கனி மேலுதடு பிளந்து பிறந்தவள். அவளுக்கு ஐந்து வயதாகும்போது பாதிரியார் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்ட வெளியூர் டாக்டர்கள் அதைச் சேர்த்துத் தைத்தார்கள். தையல் நல்ல தையல்தான். மூக்கின் இடது மடல் கொஞ்சம் தட்டையாக நின்றது, ஒரு பல் கோணலாக முளைத்தது, மற்றபடி சும்மா இருக்கும்போது பார்த்தால் ஒரு கோடுதான் தெரியும். சிரிக்கும்போது மட்டும் வலப்பக்கத்து உதடு மேலே போக, இடப்பக்கத்து உதடு பாதி வழியில் நின்றுவிடும். அந்தப் பாதி வழிக்காக ஊர் அவளுக்கு ஒட்டுவாய் என்று பெயர் வைத்தது. அவளுடைய அம்மா கிரகணத்தன்று அரிவாள்மனையைத் தொட்டாள், அதனால்தான் பிள்ளை இப்படிப் பிறந்தது என்றும் ஊர் சொன்னது. அம்மா சாகிறவரைக்கும் "நான் அன்னைக்குக் காய்ச்சல்ல கிடந்தேன்யா, அரிவாமனையக் கண்ணாலயும் பாக்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள், ஒருவரும் நம்பவில்லை.

பள்ளிக்கூடத்துப் படத்திலும் ஓட்டு அட்டைப் படத்திலும் கல்யாணப் படத்திலும் கனியிடம் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: வாயை மூடிக்கோ. மூடி மூடி, எல்லாப் படத்திலும் அவள் எதையோ வாய்க்குள் அதக்கி வைத்திருக்கிற மாதிரியே இருப்பாள். புருஷன் பால்துரை லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், நல்ல மனுஷர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். ஒரே மகள் ஜெயசுதா. கனி பகலெல்லாம் உப்பளத்தில் உப்புச் சுமந்தாள், சுமந்த நேரமெல்லாம் அவள் மனசுக்குள் ஒரு செம்பு இருந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் அப்பா மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கைமேல் வைத்துக்கொண்டு நிற்க, அம்மா செம்பிலிருந்து நீர் ஊற்றுவாள். தாரை வார்ப்பது என்பார்கள். அந்த நீர் விழுந்த பிறகுதான் தாலி. அந்தச் செம்பைத் தன் கையால் பிடிக்க வேண்டும், கனிக்கு வேறு ஆசை என்று ஒன்றும் கிடையாது.

ஜெயசுதாவைப் பார்க்க வந்த இடம் நல்ல இடம். பையன் செல்வகணேஷ் துறைமுகத்தில் வேலை பார்த்தான். அவன் அம்மா சந்திரவடிவு காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, கனியின் கையைப் பிரியமாகப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, தப்பா நினைக்கப்படாது. இப்பல்லாம் இதைச் சரி பண்ணிருதாங்களாம்லா. கல்யாணத்துக்குள்ள ஒரு எட்டு பாத்துருங்களேன். நீங்கதான தாரை வார்க்கணும். எங்க ஆளுக அத்தனை பேரு முன்னாடியும் மேடையில நிக்கணும்லா."

அந்தச் சமயம் பார்த்துத்தான் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது, சின்ன வயதில் உதடு தைத்தவர்கள் எல்லாரும் வரலாம் என்று. சரிபண்ணத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கனி நினைத்தாள். குளித்து, பூ வைத்து, பால்துரையோடு பஸ் ஏறிப் போனாள்.

அங்கே அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தலை அசையாமல் இருக்க முட்டுக் கொடுத்தார்கள். புருவத்தில், மூக்கோரத்தில், உதட்டோரத்தில், தாடையில் எல்லாம் கறுப்புப் பொட்டு ஒட்டினார்கள். எதிரே மூன்று காமிரா. இளவயது டாக்டரம்மா ஒருத்தி காமிராவுக்குப் பின்னால் நின்று, "சிரிங்கம்மா" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா சிரிங்க. அளக்கணும்."

கனி வழக்கம்போல வாயை மூடிச் சிரித்தாள்.

"அப்படியில்ல. நல்லா, பல் தெரிய. இன்னும் பெருசா. ம், இப்ப உதட்டைக் குவிங்க. இப்பக் கன்னத்தை உப்பிக்கோங்க. திரும்பவும் சிரிங்க. திரும்பவும்."

நாற்பது வருஷமாக மூடு மூடு என்று எல்லாரும் சொன்ன வாயைத் திற திற என்று ஒருத்தி சொல்ல, கனி திறந்தாள், சிரித்தாள், நிறுத்தினாள், மறுபடியும் சிரித்தாள், காரணம் இல்லாத அந்தச் சிரிப்பில் அவளுக்குத் தாடை வலித்தது. பிறகு டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினாள். கனியின் முகத்தின் நடுவே நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு கோடு போட்டிருந்தது.

"சிரிக்கும்போது வலதைவிட இடது ஆறு மில்லிமீட்டர் குறைவா ஏறுது. நல்ல ரிசல்ட்மா. நிறைய பேருக்கு இதைவிட மோசமா இருக்கு." அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். வலப்பாதியையே இரண்டு தடவை ஒட்டிச் செய்த ஒரு முகத்தையும், இடப்பாதியையே இரண்டு தடவை ஒட்டிச் செய்த ஒரு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள்.

"இவளுக யாரு?" என்றாள் கனி.

"ரெண்டும் நீங்கதாம்மா."

"எப்பச் சரி பண்ணுவீங்க?"

"சரி பண்றது இல்லம்மா. சின்ன வயசுல ஆபரேஷன் பண்ணினவங்க முகம், பெரியவங்களானப்புறம் எப்படி அசையுதுன்னு பாக்கிறோம். நாங்க அளக்கிறதோட சரி."

கனி பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து மேசையில் வைத்தாள். "அஞ்சு வயசுல ஒட்டி வச்சாங்க. நீங்க மறுபடியும் நடுவுல பிளந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

பஸ் ஊர்ப் பெயர் எழுதிய முகப்பு வளைவைத் தாண்டி உள்ளே வந்ததும் இருவரும் இறங்கித் தவசி கடையில் டீ சொன்னார்கள். கண்ணாடித் தம்ளரில் டீ அவள் பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி நின்றது.

"என்ன தவசி, மேசை சாய்ஞ்சிருக்கு?" என்றார் பால்துரை.

"மேசை சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி."

தம்ளரைத் திருப்பி வைத்தார்கள். டீ திரும்பவில்லை. கனி கை கழுவ எழுந்து அந்தப் பக்கம் போனாள், டீயும் விளிம்பைச் சுற்றி மெதுவாக அந்தப் பக்கம் ஏறியது. தவசி பாய்லரைத் திறந்து பார்த்தான், வாளியை எட்டிப் பார்த்தான், எச்சில் தம்ளர் கழுவுகிற தொட்டியையும் பார்த்தான்.

"மதினி பக்கமாத்தான் எல்லாம் சாயுது" என்றான். அடுத்த டீயை விளிம்புக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்தி ஊற்றினான். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஊர் முழுக்க அப்படி இருந்தது. கொத்தனார் அந்தோணி டேப்பை வைத்துப் பார்த்து ஆறு மில்லி என்றார், பால்துரை வாய் தவறி ஆஸ்பத்திரியில் சொன்ன கணக்கும் அதுதான் என்றார், மத்தியானத்துக்குள் ஒட்டுவாய் என்கிற பெயர் மாறி ஆறுமில்லி என்று ஆகிவிட்டது. குடமானாலும் ஆறுதான், கோயில் தெப்பமானாலும் ஆறுதான், பள்ளிவாசலில் கைகால் கழுவுகிற தொட்டியானாலும் ஆறுதான், அவள் எந்தப் பக்கம் இருக்கிறாளோ அந்தப் பக்கம் தண்ணீர் அந்த அளவுக்கு ஏறி நிற்கும், அவள் நகர நகர அதுவும் நகரும், அவள் ஊர் வளைவைத் தாண்டி வெளியே போய்விட்டால் அந்தக் கணமே எல்லாத் தண்ணீரும் மட்டமாகிவிடும். ஏன் இப்படி என்று முதல் வாரம் பேசினார்கள். இரண்டாவது வாரம் இதை வைத்து என்ன செய்யலாம் என்று பேசினார்கள். அதற்கு அடுத்த வாரம் பேச்சே இல்லை, குழம்பை அளவாக ஊற்றப் பழகிக்கொண்டார்கள், அவளுக்கு முதுகு காட்டிக் குடத்தைத் தூக்கினால் சேலை நனையும் என்று தெரிந்துகொண்டார்கள்.

அந்தோணிக்குத்தான் கொஞ்சம் நஷ்டம். ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கிறவர் அவர். விஷயம் தெரிவதற்கு முன்னால் அவர் போட்ட ரேஷன் கடைத் தளம் இன்றைக்கும் கனி வீட்டுப் பக்கம் ஆறு மில்லிமீட்டர் உயரம். அதற்குப் பிறகு வேலை இருக்கிற நாளெல்லாம் வாசலில் வந்து நின்றார்.

"மதினி, இன்னைக்கு மட்டம் பாக்கணும். செத்த நேரம் ஊருக்கு வெளியே போய் இருந்துட்டு வாங்களேன்."

கனி வளைவுக்கு வெளியே பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்திருப்பாள். வேலை முடிந்ததும் வந்து கூப்பிட வேண்டும் என்று பாதி நாள் அந்தோணிக்கு நினைவிருக்காது.

உப்பளத்து முதலாளிக்கு வேறு கணக்கு. பாத்தியில் நிற்பதே விரல் ஆழத் தண்ணீர்தான், அது ஒரு பக்கமாக ஏறினால் உப்பும் ஒரு பக்கமாகத்தான் விளையும்.

"கனி, நீ மத்தியானம் வரைக்கும் கிழக்கே நில்லு. அப்புறம் மேற்கே போயி நில்லு."

"நின்னா உப்பு யாரு சுமப்பா?"

"நிக்கிறதுதான் இனிமே உனக்கு வேலை."

வெயிலில், நிழல் என்று ஒரு புல்லும் இல்லாத அந்த வெள்ளைத் தரையில், கொடிக்கம்பம் மாதிரி அவள் நின்றாள். அவளோடு சுமந்தவர்கள் போகிறபோது வருகிறபோது, "ஏட்டி ஆறுமில்லி, உனக்கென்ன, ராணி மாதிரி நிக்க" என்றார்கள். அவளால் ஒளிய முடியவில்லை. தங்கச்சி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தி அழுதால் தெருவில் இருக்கிற அத்தனை வாளியும் அந்தக் கதவைக் காட்டியது. கருவேலங்காட்டுக்குள் ஒதுங்கினால் டீக்கடையில் தம்ளரைப் பார்த்துவிட்டு ஆண்கள் சிரித்தார்கள். அவள் எங்கே இருக்கிறாள் என்று ஊரில் எல்லாருக்கும் எல்லா நேரமும் தெரிந்தது, எப்படி இருக்கிறாள் என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை.

தகவல் போய், அந்த டாக்டரம்மா ஸ்டீல் ஸ்கேலோடு வந்தாள். தம்ளரில் அளந்தாள், தொட்டியில் அளந்தாள், பாத்தியில் இறங்கி முட்டிபோட்டு நனைந்தபடி அளந்தாள். ஆறு, ஆறு, ஆறு. முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு.

"அப்படியே ஒத்துப்போகுதும்மா! நீங்க சிரிக்கும்போது மட்டும் இப்படி இருக்கா, சிரிக்காதப்பவும் இதே அளவா?"

"நான் சிரிச்சு எத்தனை நாளாச்சுன்னு அளந்தீங்களா?" என்றாள் கனி.

டாக்டரம்மா ஸ்கேலைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சந்திரவடிவு பலகாரத் தட்டோடு வந்தாள். கனியின் உதட்டைப் பார்த்தாள், செம்பில் கொடுத்த தண்ணீரைப் பார்த்தாள், தட்டைக் கீழே வைத்தாள்.

"சரி பண்ணலையாக்கும்."

"அவங்க சரி பண்ண மாட்டாங்களாம்."

"மதினி, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க. நீங்க வரவேணாம்னு நான் சொல்லல. மண்டபத்துக்கு வாங்க, சாப்பிடுங்க. மேடையில மட்டும் உங்க கொழுந்தன் பொண்டாட்டி மரகதம் நிக்கட்டும். தாரையும் அவளே வார்க்கட்டும். நாளைக்கு இவ வயித்துல ஒண்ணு தங்கும்போது எங்க ஆளுக நாலு பேரு நாலு விதமாப் பேசப்படாது பாருங்க. கிரகணம் அது இதுன்னு."

"எங்கம்மா அன்னைக்குக் காய்ச்சல்ல கிடந்தா" என்றாள் கனி.

"இருக்கும் இருக்கும்" என்றாள் சந்திரவடிவு, எங்கள் ஊர் தலையாட்டுகிற அதே மாதிரித் தலையாட்டி.

பால்துரை முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரகதம் காதில் விழாத மாதிரி பலகாரத்தை எண்ணி அடுக்கினாள். ஜெயசுதா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், முகத்தைப் பார்க்காமல் முந்தானையைப் பிடித்துத் திருகிக்கொண்டே சொன்னாள்:

"ஒரு நாள்தானம்மா."

கனி எழுந்து போனாள். அடுப்பில் கிடந்த உலையை இறக்கிவைத்தாள், வீட்டில் இருந்த குடம், அண்டா, செம்பு, தம்ளர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். அந்த வீட்டில் அன்றைக்குச் சாய்வதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கல்யாணத்தன்று காலையில் அவளை எங்கள் ஊர் மண்டபத்து ஸ்டோர் ரூமில், பருப்பு மூட்டைக்கும் காய்கறிக் கூடைக்கும் நடுவே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். புதுப் பட்டுச்சேலை அவளுக்கும் எடுத்திருந்தார்கள். "வீடியோ முடிஞ்சதும் கூப்பிடுதோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள்.

பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். இலைக்கு ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில். ஒரு மடக்குக் குடித்துவிட்டு வைத்த பாட்டில்களில் எல்லாம் தண்ணீர் வரிசையாக ஒரே பக்கம் ஏறி நின்றது.

"இதென்னய்யா, பாட்டில் பூராவும் சரிஞ்சு நிக்கு?" என்றார் ஒரு பெரியவர்.

"பொண்ணோட அம்மா அந்த ஸ்டோர் ரூம்ல இருக்காங்க அண்ணாச்சி" என்றான் பரிமாறிய எங்கள் ஊர்க்காரன். "சட்னி ஊத்தட்டா?"

"ஸ்டோர் ரூம்ல என்ன பண்ணுதாங்க?"

"உக்காந்திருக்காங்க."

"ஏன்?"

"அதை உங்க ஆளுககிட்டல்லா கேக்கணும்."

வரிசை முழுக்கத் திரும்பி ஸ்டோர் ரூம் கதவைப் பார்த்தது. அடுத்த வரிசையும் பார்த்தது. கைகழுவப் போனவர்கள் தொட்டியைப் பார்த்துவிட்டுக் கதவைப் பார்த்தார்கள். ஒளித்துவைத்த ஒருத்தியை அத்தனை பாட்டிலும் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. சந்திரவடிவு வேர்த்துப்போய்க் கதவைத் திறந்தாள்.

"மதினி, எல்லாரும் இங்கயே பாக்காங்க. கொஞ்சம் பின்பக்கமா, தோட்டத்துல போயி உக்காருங்களேன்."

"தோட்டத்துக்குப் போனா தோட்டத்தைக் காட்டும்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்லுதீங்க?"

"ஊரை விட்டே போயிருதேன். அதுதான உங்களுக்கு வேணும்?"

சந்திரவடிவு கதவை விட்டு விலகி வழிவிட்டாள். கனி பின்வாசல் வழியாக இறங்கி நடந்தாள். பட்டுச்சேலை சரசரக்க, வெறுங்காலோடு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மண்டபத்தில் பாட்டில்களில் தண்ணீர் மெதுவாகச் சுற்றி ரோட்டுப் பக்கம் வந்தது, ரோட்டோடு வடக்கே போயிற்று, கொஞ்ச நேரம் வடக்கையே காட்டியது. பிறகு எல்லாம் மட்டமாக நின்றுவிட்டது.

மேடையில் பால்துரை மகளின் கையை மாப்பிள்ளையின் கைமேல் வைத்திருந்தார். மரகதம் செம்பைத் தூக்கினாள், உள்ளே பார்த்தாள், அப்படியே நின்றாள். ஜெயசுதாவும் எட்டிப் பார்த்தாள். செம்புத் தண்ணீர் ஒரு பக்கமும் ஏறாமல், ஒரு பக்கமும் இறங்காமல், கண்ணாடி மாதிரிக் கிடந்தது.

ஜெயசுதா கையை உருவிக்கொண்டாள்.

"அம்மா போயிட்டா."

"வந்துருவாங்க. நேரம் போகுது, கையை வை" என்றாள் சந்திரவடிவு.

"சித்தி, அந்தச் செம்பைக் கீழ வைங்க" என்றாள் ஜெயசுதா. மரகதம் வைத்தாள். ஜெயசுதா மாலையோடு மேடையை விட்டு இறங்கினாள்.

இத்தனை மாதமாகக் கனி எங்கே என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, தம்ளரைப் பார்த்தால் போதும். இப்போது ஒருவருக்கும் தெரியவில்லை. "மதினி வளைவைத் தாண்டிட்டாங்க, அதுக்கு மேல எப்படித் தெரியும்?" என்றான் தவசி. கல்யாணக் கோலத்தில் ஒரு பெண் பரோட்டாக் கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் மீன் காயப்போடுகிறவர்களிடமும் நின்று நின்று, எங்க அம்மாவப் பாத்தீங்களா, எங்க அம்மாவப் பாத்தீங்களா என்று கேட்டுக்கொண்டே போனாள். பின்னாலேயே செல்வகணேஷ் வண்டியில் வந்து சேர்ந்து அவளை ஏற்றிக்கொண்டான்.

கனி பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, வா."

"மரகதம் இருக்காள்லா."

"நீதான் வரணும்."

"ஒரு நாள்தானம்மான்னு சொன்னியே."

ஜெயசுதா அழுதாள். "சொன்னேன்மா. சொல்லியிருக்கப்படாது."

"அழாத, மை கரையுது" என்றாள் கனி. குரலில் இரக்கம் இல்லை. மாப்பிள்ளையைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்லுதீங்க?"

"நான் ஒண்ணுமே சொல்லலையே அத்தை."

"அதைத்தான் கேக்கேன்."

செல்வகணேஷ் தலையைக் குனிந்துகொண்டான். டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறுதீங்களாம்மா?" என்றார். செல்வகணேஷ் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து பஸ்ஸுக்கும் பெஞ்சுக்கும் நடுவே நின்றான்.

"அத்தை, நீங்க ஊத்தாம நான் தாலி கட்ட மாட்டேன். எங்கம்மாகிட்டயும் இதைச் சொல்லுதேன், எல்லாரு முன்னாடியும் சொல்லுதேன். வாங்க."

கனி அவனை நன்றாகப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். வண்டியில் ஏறச் சொன்னான், ஏறவில்லை. அவள் முன்னால் நடந்தாள், அவர்கள் இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார்கள். அவள் வளைவைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் மண்டபத்தில் அத்தனை பாட்டிலும் வடக்கே ஏறியது. "வாராங்க" என்றான் பரிமாறுகிறவன். வந்தவர்கள் எல்லாரும் வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

செல்வகணேஷ் சொன்னதைச் சொன்னான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னான். சந்திரவடிவு மகனைப் பார்க்கவில்லை, கனியைப் பார்த்தாள். "நல்ல நேரம் போயிட்டு மதினி."

"போகட்டும். எனக்கு நாப்பது வருசமாப் போய்க்கிட்டுத்தான் இருக்கு."

கனி மேடை ஏறினாள். செம்பை எடுத்தாள். பால்துரை மகளின் கையை மறுபடியும் பிடித்து வைத்தார். வீடியோக்காரன் விளக்கைப் போட்டுவிட்டு, தொழில் பழக்கத்தில், "அம்மா, லேசா இப்படித் திரும்பிக்கிடுங்க, வாயைக் கொஞ்சம்" என்று தொடங்கினான்.

கனி அப்படியே மறுபக்கம் திரும்பினாள். தட்டை மூக்கும் தையல் கோடும் பாதி வழியில் நிற்கிற உதடுமாக இடப்பக்கம் முழுதும் விளக்கில் விழுந்தது. அவள் சிரிக்கவில்லை. வாயை மூடவும் இல்லை. செம்புக்குள் தண்ணீர் அவளைப் பார்த்து ஏறி, கைகளின் பக்கம் தாழ்ந்து நின்றது. மற்ற அம்மாமார்கள் சாய்ப்பதைவிட அவள் அந்த ஆறு மில்லிமீட்டர் கூடுதலாகச் சாய்க்க வேண்டியிருந்தது.

சாய்த்தாள். நீர் விழுந்தது.

"எடுத்துட்டியா?" என்று வீடியோக்காரனைக் கேட்டாள்.

"எடுத்துட்டேன்மா."

"அந்தப் படத்தைப் பெருசாப் போட்டு, சட்டம் அடிச்சுச் சம்பந்தியம்மா வீட்டுக்கு அனுப்பு" என்றாள் கனி. "நடு வீட்டுல மாட்டட்டும்."